மிச்சம் நான்கு புள்ளி

தம்பெரே நகரம், நவம்பர். மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
அடுக்ககத்தின் கீழ்த்தளம். சலவை அறையை ஒட்டிய பொதுக்கூடம்.
சுவருக்கு அந்தப்புறம் யாருடைய போர்வையோ
சுழன்றுகொண்டிருக்கிறது.
மேசைமேல் காபி, கறுப்பு ரொட்டி,
ரோப்பே மட்டும் தின்கிற உப்பு மிட்டாய்.
ஆட்டத்தை நடத்துகிறவன் நான்.
அட்டைத் தடுப்புக்குப் பின்னால்
மூன்று ராஜ்ஜியங்களைக் காக்கவைத்திருக்கிறேன்.
ஹில்ப்பா பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

பகலில் அவள் லிஃப்டுகளுக்குக் கையேடு எழுதுகிறவள்.
'கதவிடுக்கில் கை வைக்காதீர்'
பதினொரு மொழிகளுக்குப் போன வாக்கியம்.
அடியில் அவள் பெயர் கிடையாது.

அவளுக்கு வேண்டியது ஒரு பண்டிதன்,
வரலாறு எழுதுகிறவன்.
பெயர் உடனே வந்துவிட்டது: ஓர்த்வின்.
வயது ஐம்பத்தொன்று. இடது காது மந்தம்.
கையில் அறுபது புள்ளிகள்.

செத்த மொழிகளுக்கு இருபது.
நூலகத்தில் தேடுவதற்குப் பதினைந்து.
'நினைவாற்றல்?' என்று நான் எடுத்துக்கொடுத்தேன்.
'மறதிக்காரன்தான் எழுதி வைப்பான்' என்று ஐந்தோடு நிறுத்தினாள்.
கையெழுத்துக்குப் புள்ளி உண்டா என்று கேட்டாள்.
விதிப்புத்தகத்தில் இல்லை.
இருக்கட்டும் என்றேன். பத்து.
'தலையெழுத்துக்கு?' என்றான் ரோப்பே.
அதற்குத்தானே பகடை.

வாளுக்குச் சுழி.
'ஓநாய் வந்தால் படித்துக் காட்டுவாயா?'
'நீ எதற்கு இருக்கிறாய்?'
மருந்துமூலிகை ஆறு. அது கொஞ்சம் கடமைக்கு.

பொய்யில் வந்து நின்றாள்.
'எழுதுகிறவன், பொய் வேண்டாமா?' என்றான் தூக்கா.
'வரலாறு எழுதுகிறவன்.'
'அதனால்தான் கேட்கிறேன்.'
மூன்று என்று போட்டாள்.
அழித்தாள். ஊதினாள். மறுபடி மூன்று.
மறுபடி அழித்ததில் அந்த இடத்தில் தாள் மெலிந்து
மேசையின் மரநிறம் தெரிந்தது.
சுழி.

ஆக, மிச்சம் நான்கு.
ரோப்பே இரண்டாம் காபியை முடித்தான்.
நீச்சல், பேரம், பதுங்கல், குதிரை
எல்லாவற்றின்மேலும் பென்சில் நுனி போய்
ஒன்றிலும் உட்காராமல் திரும்பியது.
கடைசியில் நான்கையும் அள்ளி
ஏறுதலில் கொட்டினாள்.
நாங்கள் சிரித்தோம்.
'மேல்தட்டுப் புத்தகத்தை யார் எடுப்பது?' என்றாள்,
'லிஃப்ட் இருக்கிறதா அங்கே?'

ஒன்பதரைக்குக் கோபுரம் பற்றி எரிந்தது.
நூலக அறை. ஏணி சாம்பலாகிவிட்டது.
தூக்காவின் திருடன் மயக்கத்தில்,
ரோப்பேயின் வாள்வீரன் கதவை அடைத்துப் பிடித்தபடி.
தட்டுகளைப் பிடித்து ஓர்த்வின் ஏறினான்.
'பதினைந்துக்கு மேல் விழவேண்டும்' என்றேன்.
உருட்டினாள்.
பகடை மேசையைத் தாண்டித் தரையில் துள்ளி
வெப்பமூட்டிக்கு அடியில் போய் மறைந்தது.

ஹில்ப்பா குப்புறப் படுத்தாள்,
கன்னம் தரையில், கைபேசி வெளிச்சத்தோடு.
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
'பதினேழு.'
சரிபார்க்க வேறு யாரும் குனியவில்லை.
ரோப்பேவுக்கு முழங்கால் வலி. தூக்காவுக்குச் சோம்பல்.
எனக்கு என்ன என்று தெரியவில்லை.
அவள் எழுந்தபோது கன்னத்தில் தூசி.
அவள் தாளைப் பார்த்தேன்.
பொய்: சுழி.
அதன்கீழ் அழிந்த மூன்றின் பள்ளம்.

எழுதிக்கொண்டேன்:
ஓர்த்வின் மேல்தட்டை எட்டினான்.

'புத்தகத்தில் என்ன இருக்கிறது?' என்றாள்.
அவ்வளவு உயரம் யாரும் ஏறுவார்கள் என்று
நான் நினைத்திருக்கவே இல்லை.
தடுப்புக்குப் பின்னால் அந்தப் பக்கம் வெறும் வெள்ளை.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.
தொண்டையைச் செருமி,
வரிக்கு வரி விரல் வைத்து
வாசிக்கத் தொடங்கினேன்.
ஹில்ப்பா பென்சிலை எடுத்தாள்.
சுவருக்கு அந்தப்புறம் இயந்திரம் நின்றது.
போர்வையை எடுக்க யாரும் வரவில்லை.